ரெண்டு இஞ்ச் போதும், சிஸ்டர்

முதலில் ஜலஜாவின் கண்ணில் பட்டவை இரண்டு கால்கள்தான். தண்ணீர் லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம்கூட அசைவில்லை. நர்ஸ் புத்தி யாரை விட்டது... சட்டென்று குனிந்து கணுக்காலைத் தொட்டு நாடி பார்த்துவிட்டாள்.

"யாருப்பா அது... கூசுதுல்ல?"

கால்கள் சுருங்கின. முதுகால் நகர்ந்து வெளியே வந்தவனின் நெற்றியெல்லாம் கிரீஸ். அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள் அவளைப் பார்த்துப் படபடவென்று இமைத்தன. எழுபத்தெட்டாம் வருட ஜனவரி அது. அபுதாபிப் பாலைவனத்து ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அப்போதுதான் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் ஆண்களுக்கு ஒரு பெண் இருந்தால் அதிகம். அந்த ஒருத்தி தன் காலைத் தொட்டால் எவன்தான் இமைக்காமல் இருப்பான்?

"மயக்கமோன்னு நினைச்சேன்," என்றாள். முகம் சூடேறியது. தன் மேலேயே கோபமாக வந்தது.

"மயக்கமில்லீங்க, வேலை." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "சொல்லுங்க சிஸ்டர்."

வாசலில் நின்ற கிளினிக் பிக்கப்பைக் காட்டினாள். அறுபத்திரண்டாம் வருட மாடல். டிரைவர் செய்கு முகம்மது பாய் அதற்குத் தினமும் பாத்திஹா ஓதித்தான் ஸ்டார்ட் செய்கிறார் என்று கேம்ப்பில் கேலி பேசுவார்கள்.

"இதை நாலு இஞ்ச் உசத்தணும். வியாழக்கிழமைக்குள்ள."

அவன் பெயர் அழகுமலை. உசிலம்பட்டிப் பக்கம். அந்த ஷெட்டில் அவன் ஒருவன்தான் மெக்கானிக். வண்டிக்கடியில் புகுந்து தட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஸ்பிரிங் பட்டையெல்லாம் தளந்துபோச்சு. சக்கரத்துக்கு ஒரு புதுப் பட்டை சேத்தா ரெண்டு இஞ்ச் ஏறும். அது போதும். நாலு வேணும்னா அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வைக்கணும். அத நான் செய்யமாட்டேன்."

"ஏன்?"

"கட்டிலு ஆடுனா காலுக்குக் கட்டை வைக்கலாம் சிஸ்டர். இது ஓடுற வண்டி. ஒசரம் ஏற ஏற, மண்ணுச் சரிவுல பக்கவாட்டுல சாயும்."

"மண்ணுல மாட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது."

"கவுந்தா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாது."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அவன் சட்டைப்பையில் ஒரு வெள்ளை நூல்கண்டு எட்டிப் பார்த்தது.

"மெக்கானிக் கடையா, தையல் கடையா?"

"வண்டிக்கு அளவெடுக்கத்தான்."

"அளவெடுத்தது போதும். உங்களுக்குப் பயம்... அதை நேராச் சொல்லிட்டா நான் வேற ஆள் பார்த்துக்குவேன்."

அவன் நூல்கண்டைப் பைக்குள் அழுத்தினான். கண்கள் தாழ்ந்தன. ஏதோ படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்பி நடந்தாள். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

அவளுடைய பயத்தை மட்டும் யாரிடம் சொல்வது? மூன்று வாரத்துக்கு முன் பைப்லைன் கேம்ப்பிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்தாள். சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடிட்டிருந்த மணலில் பிக்கப்பின் வயிறு உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் வெறுமனே சுற்றின. ஐந்து மணி நேரம். குடல்வால் வெடித்த அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. அவள் மடியில்தான் அடங்கினான். அன்றிலிருந்து புதன்கிழமை ஆனால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தக் கேம்ப்புக்கு வாராவாரம் போய் நோயாளிகளைப் பார்க்கும் நாள் வியாழக்கிழமை; மறுபடி அதே வழியில் போயாக வேண்டும்.

அண்ணன் பத்மநாபன் சைட் இன்ஜினீயர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "ஒரு மெக்கானிக் நமக்கு உபதேசம் பண்றானா? நம்ம வெல்டிங் யார்டுலயே ரெண்டு மணி நேரத்துல வச்சுக் குடுத்துடுவாங்க." அப்படியே வைத்தும் கொடுத்தார்கள். பிக்கப் நெடுநெடுவென்று நின்றது. ஏறுவதற்கு ஜலஜாவுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் வானம் கறுத்திருந்தது. பைப்லைன் கேம்ப்பிலிருந்து ரேடியோவில் செய்தி வந்தது. ஒருவனுக்கு வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, ஜுரம். அதே வலி.

டயருக்குக் காற்றடிக்க அழகுமலையின் ஷெட்டை விட்டால் வேறு இடமில்லை. செய்கு முகம்மது பாய் வண்டியை அங்கேதான் நிறுத்தினார். ஜலஜா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் காற்றடித்துவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தான். பையிலிருந்து நூலை எடுத்தான். பின் அச்சுக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஓஸின் ஓரமாக, அதே நீளத்துக்கு நூலைக் கட்டினான். ஜாக்கி வைத்துச் சேஸைத் தூக்கினான். பின்சக்கரங்கள் கீழே தொங்கின. ரப்பர் ஓஸ் விறைத்து நின்றது; நூல் பட்டென்று அறுந்தது.

அவன் முகம் வெளுத்துப்போனது.

"பாய்... வண்டிய ஒசத்துனவங்க ஓஸ மாத்தல. தரையில நிக்கறப்ப நீளம் சரியாத்தான் இருக்கும். பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா, இந்த நூலு மாதிரிதான் ஓஸும். இந்த மாடலுக்கு ஒத்தக் குழாய்தான். ஒண்ணு அறுந்தா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கைபிரேக்கும் எப்பவோ போயிடுச்சு."

"புது ஓஸ் இருக்கா?" என்றாள் ஜலஜா.

"அபுதாபியிலேருந்து வரணும். இன்னிக்கிப் போகாதீங்க சிஸ்டர்."

"அங்க ஒருத்தன் வலியில துடிச்சிட்டு இருக்கான். வேற வண்டி எல்லாம் சைட்ல. நான் போகாம யார் போறது?" குரல் நடுங்கியது. அதை மறைக்கத் தெரியவில்லை.

அழகுமலை ஜாக்கியை இறக்கினான். ஷெட்டுக்குள் போய்க் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பின்பக்கம் ஏறி உட்கார்ந்தான்.

"அப்ப நானும் வர்றேன்," என்றான். "மெதுவாப் போங்க பாய். சரிவுல மட்டும் குறுக்கால திருப்பிராதீங்க."

பாதி வழியில் மழை பிடித்தது. வருடத்துக்கு இரண்டு நாள் பெய்கிற மழை, அன்றைக்கென்று கொட்டியது. ஜலஜா திரும்பி, கேபினின் பின் கண்ணாடி வழியே பார்த்தாள். நெற்றியில் முடி ஒட்டிக்கிடக்க, தொப்பலாக நனைந்தபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் கழுவிப்போன முகத்தை அன்றுதான் பார்க்கிறாள். அவன் நிமிர்ந்தான். மழை வழியும் கண்ணாடியில் ஒரு கணம் இரண்டு ஜோடிக் கண்கள்... அவள் வெடுக்கென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். இதயம் அடித்துக்கொண்டது பயத்தினாலா, வேறு எதனாலா? அவளுக்கே தெரியவில்லை.

மணல்மேட்டின் உச்சியில் ஏறி இறங்கத் தொடங்கியபோது பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் தொப்பென்று விழுந்து எழுந்தது. பாய் பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார்.

"யா அல்லாஹ்... பிடிக்கலம்மா. பெடல் தரையோட போவுது."

வண்டி வேகமெடுத்தது. இடது பக்கம் செங்குத்தான சரிவு. கீழே, வழியின் ஓரம்வரைக்கும் உப்புச் சேறு, மழையில் பளபளத்துக்கொண்டு. அதில் இறங்கிய லாரிகளையே வெளியே எடுக்க முடிந்ததில்லை. ஜலஜா இரண்டு கையாலும் கதவைப் பற்றிக்கொண்டாள். பாய் பதற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தார். உயர்ந்து நின்ற வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பியதை அவள் உடம்பு உணர்ந்தது.

கேபின் கூரையில் தடதடவென்று அடி விழுந்தது.

"திருப்பாதீங்க பாய். நேரா விடுங்க. கியரக் கொறைங்க... இன்னொண்ணு கொறைங்க..."

சொல்லிக்கொண்டே அவன் உயர்ந்த பக்கத்துப் பலகையில் தாவித் தொங்கினான். அவன் பாரத்தில் வண்டி தடாலென்று நாலு காலில் விழுந்தது. என்ஜின் அலறியது. நேரே போய், சேற்றுக்குப் பத்தடி முன்னால் பொதபொதவென்ற மணலில் மூக்கைப் புதைத்து நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

ஜலஜா கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினாள். அவன் இருக்கிறானா... இருந்தான். உள்ளங்கையில் பலகை கிழித்து ரத்தம் வழிந்தது. அதைக் கவனிக்காமல் அடியில் புகுந்து, பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாயை மடக்கி நசுக்கி அடைத்தான். டப்பாவிலிருந்து ஆயில் ஊற்றி, பாயை மிதிக்கச் சொன்னான். முன் பிரேக் மட்டும் பிடித்தது.

"கையைக் காட்டுங்க," என்றாள்.

காட்டினான். துணியைச் சுற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள். மழையில் நழுவியது. மேலே இன்னொன்று போட்டாள். அதற்கும் மேலே ஒன்று.

"நான் பயந்தாங்கொள்ளிதான் சிஸ்டர்," என்றான் மெதுவாக. "ரூம்ல எங்கூட இருந்தவன், பன்னீர்செல்வம்னு பேரு. அவன் ஓட்டுற வண்டிக்கு நாலு இஞ்ச் வேணும்னு அடம்புடிச்சான். நாந்தான் கட்டை வச்சுக் குடுத்தேன். மறுநாளே சரிவுல கவுந்துட்டான். அவன் பொட்டிய நாந்தான் ஊருக்குக் கட்டி அனுப்புனேன்..."

ஜலஜா துணியின் நுனியைச் செருகினாள். "என் மடியில ஒரு பையன் செத்துப்போனான்," என்றாள். யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். மழை பெய்ததால் பாய்க்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாய்க்கு எல்லாம் தெரிந்தது. அவர் மண் தள்ளுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

கேம்ப்புக்குப் போனார்கள். அந்த ஆளை ஏற்றினார்கள். திரும்பும் வழி முழுக்க அவனைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அழகுமலை பின்னால் உட்கார்ந்து வந்தான். குடல்வால் வெடிக்கவில்லை. அபுதாபியில் ஆபரேஷன் முடிந்து, நான்காம் நாள் கஞ்சி குடித்தான்.

பத்மநாபன் தானே பிக்கப்பை ஷெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உங்க அளவுப்படியே பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்க ஜலஜா வந்தாள். சக்கரத்துக்கு ஒரு புதுப் பட்டை, நீளமான புது ஓஸ், ரெண்டு இஞ்ச். சக்கரங்களைத் தொங்கவிட்டு அழகுமலை நூல் கட்டியிருந்தான். அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னான். நூல் தளர்வாக ஆடியது.

"இப்ப நம்பிக்கையா?"

"ம்... மத்தியானம் சோறு இறங்குச்சு."

அவன் சிரித்தான். மணிக்கட்டில் அந்தத் துணி இன்னும் அப்படியே இருந்தது. அழுக்கேறி, கறுத்து.

"கட்டு பிரிக்க வரச் சொன்னேனே... ஏன் வரல?"

"முடிச்ச அவுக்க மனசு வரல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எண்ணிப் பாத்தீங்களா? மூணு. அந்த மழையில ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது... எங்க ஊர்ல ஆம்பளதான் போடுவான்."

ஜலஜாவின் முகம் குப்பென்று சிவந்தது. பாய் வண்டிக்குள் உட்கார்ந்து பலமாக இருமினார்.

"திருப்பிப் போடணும்னு ஆசையா இருக்கு, சிஸ்..." நிறுத்திக்கொண்டான். எச்சில் விழுங்கினான். "ஜலஜா. ஒங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. இனிமே ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. ஒங்க அண்ணனப் பாத்துக் கேக்கணும்... நான் மெக்கானிக்கு, அவரு இன்ஜினீயரு. நெனச்சாலே காலு நடுங்குது."

அவள் வண்டியிலிருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அண்ணன் இப்ப வீட்லதான் இருக்கார்," என்றாள். "நீங்க போய்க் கேளுங்க."

"இப்பவேவா?"

"பயமா இருக்கா?"

"இருக்கு."

ஜலஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நானும் வர்றேன்."