பதினேழு டிகிரி

எட்மண்ட் கடைசியாகச் செய்த காரியம், மாடிப்படிக்கு அடியிலிருந்த சிறிய அறையின் ஏசியைப் பதினேழில் வைத்ததுதான். ரிமோட்டைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, "தூங்கட்டும்" என்று மனைவி ஷீலாவிடம் சொன்னார். உள்ளே நாற்பது ஒயின் பாட்டில்கள், தக்கை காயாதபடி படுத்துக்கிடந்தன. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, மே மாத வெயிலில், ஷீலா ஒரு பாட்டிலோடு எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரியிடம் வந்தாள். முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக அடுத்தவர் இழப்புகளைப் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர்.

"எங்க கல்யாண வருஷத்து ஒயின் மேடம். ஞாயித்துக்கிழமை இருபத்தஞ்சு வருஷம் முடியுது. அவர் இல்லன்னாலும் திறக்கலாம்னு கொழுந்தன் பென்னியை எடுத்துத் தரச் சொன்னேன். நாலு விரக்கடை குறையுது. சீல் உடையல. வீட்டு வேலை பாக்கற ரோஸி பண்ணினதுதான், அவளை அனுப்பிடுங்கன்னு பென்னி நிக்கிறார். பதினோரு வருஷமா கூடவே இருக்கா. அவளும் போயிட்டா அந்த வீட்ல நான் யாரோட பேசறது?"

"ஊசி போட்டு உறிஞ்சியிருப்பா!" என்று டார்ச்சோடு எழுந்தார் திரிபுரசுந்தரியின் கணவர் ஸ்ரீநிவாசன். துப்புத் துலக்குவதென்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"சித்த சும்மா இருங்கோ," என்றார் திரிபுரசுந்தரி. பாட்டிலின் கழுத்து பிசுபிசுத்தது. சீலின் தலை லேசாகப் புடைத்திருந்தது.

ஷீலா வீட்டுக் கூடத்தில் பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஸி சுவரோடு நின்றாள்.

"அண்ணா போனதுலேர்ந்து நான் அந்த ரூம் பக்கமே போவலக்கா. ஊசி போட்டு உறிஞ்சிகினு இருக்க எனக்கு வேற வேல இல்லியா?"

அறைக்கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அறைந்தது.

"வெளியில பதினேழுதானே காட்டுது?" என்றாள் ஷீலா. உள்ளே போக மனமில்லாமல், தினமும் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"ரிமோட்டுக்கு உள்ள நடக்கறது தெரியாதும்மா. அவர் கடைசியா வச்சதைத்தான் காட்டிண்டிருக்கு." திரிபுரசுந்தரி டார்ச்சை வாங்கிக் கீழே அடித்தார். ஏசியின் பிளக் தொங்கியது. அதற்கடியில் காய்ந்த ரோஜா இதழ் ஒன்று. வாசற்படியில் வயர் உரசிய கறுப்புக் கோடு.

"சூட்டுல ஒயின் பெருகித் தக்கையைத் தள்ளியிருக்கு. தக்கை சீலுக்கடியில முட்டிண்டு நிக்கறது. சீல் அப்படியே இருக்க, ஒயின் ஓரமா கசிஞ்சு போயிடுத்து. யாரும் குடிக்கல." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பென்னி, அண்ணாவைக் கூடத்துல வச்சிருந்தப்போ ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்ட் எங்கேர்ந்து எடுத்தேள்?"

பென்னி குனிந்து அந்த இதழை எடுத்தார். அது அண்ணனுக்கு வைத்த மலர்வளையத்திலிருந்து விழுந்தது.

"கூடத்துல பெரிய பிளக் பாயின்ட் இல்ல. இங்கேர்ந்து வயர் இழுத்தோம். நான்தான் பிடுங்கினேன். திரும்பச் சொருக மறந்துட்டேன்; பாட்டில் எடுக்க வந்தப்போகூட புழுக்கம் உறைக்கல." பிறகு, தலைநிமிராமல், "ரோஸி, தப்பா பேசிட்டேன்மா."

"அண்ணாவ அப்படி வெச்சிகினு, யாருக்கு சார் ஏசி நெனப்பு வரும்?" என்றாள் ரோஸி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு துடைப்பம் எடுக்கப் போனாள்.

அவர் போனபின் ஷீலா முதன்முறையாக உள்ளே நுழைந்தாள். பிளக்கைச் சொருகியதும் ஏசி தானாகவே மூச்சுவிடத் தொடங்கியது. ரிமோட்டை யாரும் தொடவில்லை. ஆணியில் அது பதினேழையே காட்டிக்கொண்டிருந்தது.