தலைவரின் படுக்கையறை

தலையணையில் ஒரு குழி இருந்தது.

பூரணம் அதை உள்ளங்கையால் தட்டி, இரு மூலைகளையும் பிடித்து உதறி, மறுபக்கம் புரட்டி வைத்துவிட்டு யன்னல் திரையை இழுத்துவிடப் போனாள். திரும்பி வந்தபோது, நடுவில் அல்ல, சற்று இடப்பக்கமாக, ஒரு தலை கிடந்த அளவுக்கு அது மறுபடியும் பதிந்திருந்தது. பஞ்சிலும் கள்ளம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இந்த மண்டபத்தில் எதுதான் ஒழுங்கான சாமான்?

உரும்பிராயின் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, பத்துக் கல்யாணத்துக்குச் சோடித்த கேக்கைப்போல, காலஞ்சென்ற தேசியத் தலைவர் கனகசபாபதியின் நினைவாலயம் வெள்ளை வெளேரென்று நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு தை மாதம், அன்று ஞாயிறு, காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. வாசலில் இரண்டாள் உயரத்தில் அவருடைய சிலை. அதன் காலடியில் பொன்னெழுத்தில் அவருடைய வாக்கு: ‘நமக்குள் பேதமில்லை.’

பஸ்ஸால் இறங்கி வந்து அதை வாசித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தலைவர் பாரிசவாதத்தில் கைகால் இழுத்துப் படுக்கையில் விழுந்த பிறகு, கடைசி எட்டு மாதமும் அவரைக் கழுவித் துடைத்த தாதி அவள். அந்த வீட்டில் அவள் குடிப்பதற்கென்று தனியாக ஒரு தகரப் பேணி, கிணற்றடிப் பக்கம் ஆணியில் தொங்கியது. அவள் கை அவருடைய பீயைத் தொடலாம். அவர் குடிக்கிற தண்ணீரைத் தொடக்கூடாது.

படுக்கையறையை அவர் இருந்த மாதிரியே இங்கே அமைத்திருந்தார்கள். அதே கட்டில், அதே அலுமாரி, கால்மாட்டில் சனம் நின்று கும்பிடுவதற்குச் சிவப்புக் கயிறு. அறை எப்படிக் கிடந்தது என்று சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று, விழாக் குழுச் செயலாளர் நமசிவாயம் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்.

“எல்லாம் அச்சொட்டா இருக்கோ, மிஸ்ஸி?” என்று கேட்டார் அவர், வாசற்படியில் நின்றபடியே.

“ஓம். நாத்தம் ஒண்டுதான் குறை.”

அவர் அதைக் கேளாதவர்போலச் சால்வையைச் சரிசெய்தார். “தேத்தண்ணி எல்லாருக்கும் வருகுது. உங்களுக்குச் சோடா சொல்லியிருக்கு.”

சோடாவைப் போத்தலோடு குடிக்கலாம், பேணி தேவையில்லை. பூரணம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் அதற்குள் விருந்தினரை வரவேற்கப் போய்விட்டார்.

காவலாள் லியோன் சோடாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தான். பிறகு அதைப் பார்க்காமல் நின்றான்.

“உந்தத் தலகணியை நான் விடியத்தொட்டு மூண்டு தரம் நீவிப்போட்டன், மிஸ்ஸி.”

“பஞ்சு சரியில்லை.”

“பஞ்சு புதுசு. நான்தான் அடைச்சனான்.” அவன் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வெளியே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. ஆனால் கதவு சாத்தியதும் அந்தச் சத்தம் கிணற்றுக்குள் விழுந்ததுபோலத் தூரமாகிப்போய், புதுச் சுண்ணாம்பு மணத்துக்கும் சாம்பிராணிப் புகைக்கும் அடியிலிருந்து இன்னொரு மணம் மெல்ல எழும்பி வருவதை அவள் மூக்கு பிடித்தது. இனிப்பும் அழுகலும் கலந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வாட்டுகளில் நடந்தவளுக்கு அதைப் பிழையாக அடையாளம் காண முடியாது.

படுக்கைப்புண்.

“செத்தும் நாறுறியோ?” என்றாள், கட்டிலைப் பார்த்து. சொல்லிவிட்டு, தன் குரல் நடுங்கியதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏழு மாதமும் இருபத்தேழு நாளும் அவள் அதைச் செய்தாள். வாய் கோணிப்போன பிறகு அவருக்குத் தெளிவாக வந்த ஒரே சொல் அவளுடைய சாதிப் பெயர். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். கடைசி மூன்று நாளும் அவள் புரட்டவில்லை. யன்னலடிக் கதிரையில் இருந்து பழைய வாரப் பத்திரிகை வாசித்தாள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, சொல் தேய்ந்து, வெறும் முனகலாகி நின்றது. செத்த பிறகும் அவருடைய புண்பிடித்த முதுகை யாரும் பார்க்கவில்லை. பட்டு வேட்டி சுற்றி, மாலை போட்டு, ஊரே அழ எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவள் அதற்காக வருந்தியதில்லை.

இப்போது வெள்ளை விரிப்பின் நடுவில் ஒரு கறை.

பாக்களவு. பிறகு உள்ளங்கையளவு. இடுப்பெலும்பு பதிகிற இடத்தில், மஞ்சளாக ஊறி, விளிம்பு விரிந்துகொண்டே வந்தது.

அவள் கதவைப் பார்த்தாள். நாலே எட்டுத் தூரம். போயிருக்கலாம். ஆனால் கறை படிந்த விரிப்பைக் கண்டால் அவளுடைய கைகள் மூளையைக் கேட்பதில்லை. குனிந்தாள். விரிப்பைத் தொட்டாள்.

சூடு.

புரட்டும்போது ஒரு கை அவர் தோளுக்குக் கீழே போகிற இடம். மறு கை இடுப்புக்குக் கீழே. ஒன்றுமில்லாத வெறும் விரிப்பின் மேல் அவள் கைகள் பழைய வழியில் நுழைந்தன.

பாரம் இறங்கியது.

எலும்பும் தோலுமான, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாரம். இரண்டு மணிக்கட்டும் மெத்தையோடு அமுங்கின. இழுத்தாள். வரவில்லை. முழங்காலை ஊன்றி இழுத்தாள். உள்ளங்கைகளில் ஈரம் ஊறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையணைக் குழி மட்டும் இன்னும் ஆழமானது.

கதவு அகலத் திறந்தது.

“சனம் வருகுது, மிஸ்ஸி, ஓரமா நில்லுங்கோ!” என்றார் நமசிவாயம். அவளுடைய கோலத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். “சரி, சரி. இருக்கட்டும்.”

“ஐயா, என்ரை கையை…”

‘வாழ்க’ என்ற கோஷத்தில் அது அமுங்கியது. சனம் கயிற்றடியில் முட்டி மோதியது. வேட்டி, சேலை, சால்வை, சந்தனம். எல்லாருடைய தலையும் குனிந்திருந்தது. அந்தச் சனத்தில் ஒருவரும் கட்டிலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பெரிய மனிதர் முன்னால் பார்க்காமல் குனியத்தான் அவர்கள் பழகியிருந்தார்கள்.

“பராமரிச்ச மிஸ்ஸியாம்,” என்றாள் ஒருத்தி, குனிந்தபடியே அவள் முதுகை மட்டும் கண்டு. “பாவம். கட்டிலைக் கட்டிப்பிடிச்சு அழுகிறா.”

பூக்களை எறிந்தார்கள். செவ்வந்தி, நந்தியாவட்டை, பிய்த்த தாமரை.

பூக்கள் விரிப்பில் விழவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே தங்கி நின்றன. நெஞ்சளவு அகலத்தில். வயிற்றளவு குழிவில். மெல்ல எழுந்தன. தாழ்ந்தன. எழுந்தன.

“பாருங்கோ,” என்றாள் பூரணம். “ஆராவது பாருங்கோ.”

குனிந்த தலைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

அவள் கைகளுக்கு மேல் பாரம் அசைந்தது. தோள் முதலில். பிறகு இடுப்பு. யாரும் புரட்டாமல், தானாக. பூக்கள் முதுகுப் பக்கமாகச் சரிந்து கொட்டின. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த தாமரை இதழ்கள் மட்டும் விழாமல், அவள் பக்கம் திரும்பின.