பொடி மணல் கேட்ட மீன்

பல் டாக்டரின் மனைவி துப்பறிவாளரின் முன்னால் வந்து உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். "என் தம்பியைத் திருடன்னு சொல்லி, அவன் பையைத் தூக்கி வாசல்ல வெச்சிட்டார் சார், என் வீட்டுக்காரர். அவன் போனா நானும் போயிடுவேன்."

காணாமல் போனது ஒரு மஞ்சள் மீன். வீட்டோடு சேர்ந்த கிளினிக்கின் முன்னறையில் உள்ள உப்புநீர்த் தொட்டிக்காக டாக்டர் முந்தின நாள் ஆசையாக வாங்கி வந்தது. தொட்டியைப் பராமரிப்பது தம்பி. காலையில் அவன் அடிமணலை மாற்றினான். அதன் பிறகு மீனைக் காணோம்.

துப்பறிவாளர் ஆற அமரத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். அதற்குள் உதவியாளர் வண்டியையே கிளப்பிவிட்டார். அவருக்கு அவசரக்குடுக்கை என்ற பெயர் சும்மா வரவில்லை.

கிளினிக்கில் நுழையும்போதே அவசரக்குடுக்கை வாசலில் இருந்த தம்பியின் பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "மீன் வாடை இல்லை சார். யாருக்கோ கைமாத்திட்டான்!"

"வித்துத்தான் இருப்பான்" என்றார் டாக்டர். "ராத்திரி லைட்டை அணைக்கிற வரைக்கும் என் கண்ணு முன்னாடி நீந்திட்டிருந்துச்சு."

தொட்டியை மூடிய வலை இறுக்கமாக இருந்தது. மீன் துள்ளி வெளியே விழ வழியில்லை. ஓரமாக ஒரு வாளி; அதில் பழைய மணலும் உப்புநீரும், குமிழி விடும் காற்றுக்குழாயும் இருந்தன.

"இது எதுக்குப்பா?" என்றார் துப்பறிவாளர்.

"பழைய மணல்ல நல்ல கிருமி இருக்கு சார். அது சாகாம வெச்சிருந்து புது மணலோட கொஞ்சம் கலக்கணும். இல்லேன்னா தண்ணி கெட்டுடும்."

"மணலை மாத்தும்போது தொட்டி விளக்கு எரிஞ்சுதா?"

"இல்லை சார். கிளினிக் திறக்குறதுக்குள்ள முடிக்கணும்னு டார்ச் அடிச்சுக்கிட்டே அள்ளினேன்."

துப்பறிவாளர் டாக்டரிடம் திரும்பினார். "மணலை மாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான். இந்த மீனுக்குப் பொடி மணல்தான் ஆகும், பழைய சிப்பித் துண்டெல்லாம் உடம்பைக் குத்தும்னு கடைக்காரர் சொன்னார்."

"மேலே நீந்துற மீனைக் கீழே கிடக்குற சிப்பி எப்படிக் குத்தும் டாக்டர்?"

டாக்டர் குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார்.

"மணலுக்குள்ள போனாத்தானே குத்தும்? விளக்கு அணைஞ்சதும் மணல்ல புதைஞ்சு தூங்குற மீன் இது. விடிஞ்சும் இங்கே விளக்கு எரியலை. தூக்கத்துலயே மணலோட மணலா வாளிக்கு வந்திருக்கும்."

"ஐயோ!" என்று தம்பி வாளிக்குள் கையை விட்டான். மெல்லத் துழாவினான். மணல் அசைந்தது. ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது; பிறகு மொத்த மீனும் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"அப்பாடா!" என்று அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார் அவசரக்குடுக்கை. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

தம்பி மீனைத் தொட்டியில் விட்டான். அது நேராகப் புது மணலுக்குள் பாய்ந்து மறைந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மாப்ள... தப்பு என்மேலதான். பையை எடுத்து உள்ளே வைப்பா."

"வெளியே வெச்சது நீங்கதானே மாமா?"

டாக்டர் வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.