கயிற்றுக்கு அந்தப் பக்கம்

காலையில் எழுந்ததும் புஷ்பத்துக்கு முதல் வேலை கிண்ணங்களைப் பார்ப்பதுதான். முகம் கழுவுவது, காப்பி குடிப்பது எல்லாம் அதற்கப்புறம். பின்கட்டுப் பலகையில் ஆறு எவர்சில்வர் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி இட்லி மாவு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். மலைக்குளிரில் மாவு விறைத்துவிடக் கூடாதென்று பலகைக்குக் கீழே ஒரு கணப்புச் சட்டி. முந்தின நாள் மாலை அவரவர் கையால் உப்புப் போட்டுக் கரைத்து வைத்த மாவு. விடிவதற்குள் பொங்கியிருந்தால் அந்தப் பெயருக்குரியவள் அன்றைக்குக் கொடிகளைத் தொடலாம். பொங்காவிட்டால் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆறும் பொங்கியிருந்தன. ஒன்று அவளுடையது, மற்ற ஐந்தும் பூம்பாறைப் பக்கமிருந்து வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் பெண்களுடையவை. "அப்பாடா" என்று உட்கார்ந்தாள். அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷமாகத் தினமும் சொல்லித் தேய்ந்துபோன அப்பாடா அது.

வீட்டுக் கூடத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் நைலான் கயிறு போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முன்னறை, முன் அடுப்படி, தெருவாசல், அவள் புருஷன் சவரிமுத்து. இந்தப் பக்கம் பின்கட்டு, தோட்டம், அவள். சவரி காப்பித் தம்ளரோடு கயிற்றோரம் வந்து நின்று எத்தனை என்று கேட்பார். ஆறும் என்பாள். நல்லதாப் போச்சு என்பார். அவ்வளவுதான் புருஷன் பெண்சாதியின் காலைப் பேச்சு. இடையில் நான்கடி தூரம். மூன்று வருஷத்தில் அது ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்களுடைய உலகத்தில் எதுவும் புளிப்பதில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் வந்த பெருங்காய்ச்சலுக்குப் பிறகு, பிறந்த குழந்தையிலிருந்து எல்லோர் ரத்தத்திலும் காப்பு ஓடுகிறது. ஏட்டில் அதற்கு மெய்க்காப்பு நுண்துகள் என்று பெயர், படித்தவர்கள் நானோ என்பார்கள். நாற்பது நாளைக்கு ஒரு தடவை சுகாதார நிலையத்தில் நாக்கில் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு சளி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. யார் என்ன குறை சொல்ல முடியும்?

ஆனால் அந்தத் துகள் உடம்போடு நிற்கவில்லை. வியர்வையில் வந்தது, மூச்சில் வந்தது, விரல் நுனியில் வந்தது. தொட்ட இடத்திலெல்லாம் நொதியுயிர்களையும், அதாவது ஈஸ்டையும் அதன் சொந்தபந்தங்களையும், சேர்த்தே தீர்த்துக்கட்டியது. வீடுகளில் பால் உறையவில்லை, மாவு பொங்கவில்லை. இட்லி மாவு காற்றடைத்த டப்பாவில் வந்தது. தயிர் மனிதக் கை படாத ஆலையிலிருந்து வந்தது. ஒயினை ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறு மூலக்கூறாகக் கோத்தார்கள்.

அப்படிக் கோக்கும் ஆலை ஒன்றில் புஷ்பம் பத்தொன்பது வருஷம் சுவை பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாள், அளவெடுப்பதற்காக என்று பழைய சார்டனே பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். தோட்டத்தில் விளைந்த வெள்ளைத் திராட்சை, தானாகப் புளித்த ஒயின். அவளுக்குக் கிடைத்தது ஒரு கரண்டி. சுவைப்பட்டியலில் எழுநூறு சொற்கள் இருந்தன. அதில் எதுவும் பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு தோட்டம் வேணும் என்றாள். சவரி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, மலையில் இடம் தேடக் கிளம்பிவிட்டார்.

மன்னவனூருக்கு மேலே ஆறு அடுக்கு நிலம். மருந்து கிடையாது, இயந்திரம் கிடையாது, கையால் கவாத்து, கையால் களை. இயற்கை முத்திரை வேண்டுமானால் சாறு தன் தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்டாலேயே புளிக்க வேண்டும் என்பது விதி. காப்புள்ள ஒரு கை பட்டாலும் போயிற்று. ஆகவே தொடுகிறவர்கள் சொட்டை நிறுத்தி, காப்பு இறங்கும்வரை காத்திருந்து, காப்பிலி அட்டை வாங்கிக்கொண்டார்கள். காப்பிலிக்குப் பேருந்து இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. புஷ்பத்துக்கு மூன்று வருஷமாக மாதா கோயில் பூசையும் இல்லை. சாமியார் கேட்டுக்கு வெளியே நின்று ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போவார்.

சவரிக்கு மட்டும் அந்த வழி இல்லை. சிறு வயதுக் காய்ச்சலில் இதய வால்வு பழுதானவர். காப்பு இறங்கினால் சாதாரணப் பல்வலிகூட நேரே இதயத்தில் போய் உட்காரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் கயிறு.

அனுமதி மூன்று விளைச்சலுக்கு. அதற்குள் தானாகப் புளித்த ஒயின் வரவில்லையென்றால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலம் இயந்திரப் பண்ணைக்குப் போய்விடும். முதல் வருஷம் ஒரு பெண், அக்கா கல்யாணத்துக்குப் போவதற்காகத் திருட்டுத்தனமாக ஒரு சொட்டுப் போட்டுக்கொண்டு வந்து பழம் பறித்தாள். சாறு ஒரு மாசம் குழாய்த் தண்ணீர் போலக் கிடந்தது. கிண்ண வழக்கம் அதற்கப்புறம் வந்ததுதான். இரண்டாம் வருஷம் ஆள் போதவில்லை. பறித்ததை இறக்குவதற்குள் மழை வந்து பாதி தோட்டம் கொடியிலேயே அழுகியது, பறித்த பாதியும் நனைந்து வீணாயிற்று. அன்றைக்குப் புஷ்பம் கயிற்றோரம் உட்கார்ந்து, இன்னும் ரெண்டு கை இருந்திருந்தா போதுமே என்று புலம்பினாள். அந்தப் பக்கம் சவரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது மூன்றாவது. வியாழக்கிழமை மழை என்றது வானிலை. திங்கட்கிழமை பறிக்க ஆரம்பித்தார்கள். அப்போதும் ஆறு பேர்தான். சவரி ஒரு யோசனை சொன்னார். பார்வையாளருக்கென்று வைத்திருக்கும் முழுவுறையை மாட்டிக்கொண்டு வருகிறேன், பழத்தைத் தொட மாட்டேன், டிரே மட்டும் சுமக்கிறேன் என்றார். தலை முதல் கால்வரை மூடும் உடை அது, மூச்சை வடிகட்டும். அவள் சரி என்றாள். மூன்று நாள் அடுக்கடுக்காக ஏறி இறங்கினார். கடைசி டிரே கொட்டகைக்குள் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மழை பிடித்தது.

அந்த உடையின் வடிகட்டி அரை மணி நேரம்தான் தாங்கும். அது மூன்று நாள் எப்படித் தாங்கியது என்று புஷ்பத்துக்குக் கேட்கத் தோன்றவில்லையா? தோன்றியது. புதன்கிழமை மத்தியானம் தோன்றியது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது. கேட்கவில்லை.

ஆறாம் நாள் பீப்பாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது. அரிசி பொரிவது போலச் சன்னமான சத்தம். பெண்கள் ஐந்து பேரும் காதை வைத்து வைத்துக் கேட்டார்கள். புஷ்பம் ஓடிப்போய்க் கயிற்றோரம் நின்று, "ஏங்க, பேச ஆரம்பிச்சிருச்சு" என்றாள். சவரி சுவரில் சாய்ந்தபடி சிரித்தார். 'ஆறடுக்கு ஒயினகம்' என்று எழுதிய பலகையை மறுநாளே எடுத்துத் துடைத்து வாசல் சுவரில் சாய்த்து வைத்தார். திறப்பு விழா அன்றைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

இரண்டாவது வாரம் முத்திரை அலுவலர் நூருன்னிசா வந்தார். முழுவுறைக்குள் வியர்த்து வழிந்தபடி மாதிரி எடுத்தார், மானியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் தானாகப் புளித்த ஒன்றை அவர் கண்டதில்லை. இன்னும் இருபது நாள் இதேபோல ஓடட்டும், முத்திரையோடு வருகிறேன் என்றார். "வாழ்நாள்ல ஒயின் தொடாதவ நான். எங்கிட்ட வந்து மாட்டியிருக்கு பாருங்கக்கா" என்று சிரித்தார்.

புஷ்பத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருக்கு ஒரு டீயாவது கொடுக்க வேண்டுமே என்று சவரியைக் கூப்பிடப் போனாள். காலையிலிருந்து அவர் கயிற்றோரம் வரவில்லை. சுமை தூக்கியதில் உடம்பு வலி, கொஞ்சம் படுத்திருக்கிறேன் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்ததோடு சரி. இரண்டு தடவை கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தாள்.

முன் அடுப்படி அலமாரியில், மாவு டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு கிண்ணத்தின் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. மாவு பொங்கி, வழிந்து, அலமாரிப் பலகையில் இறங்கி, டப்பாவின் காலடிவரை வந்திருந்தது. கிண்ணத்தின் மேல், அவள் மற்ற கிண்ணங்களில் எழுதுவது போலவே, சவரி என்று எழுதியிருந்தது.

புஷ்பத்துக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. சொட்டுப் போடப் போகிறேன் என்று இறங்கிப் போனவர், முக்கு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். போன வருஷத்து மழையிலிருந்தே. காப்பு மொத்தமாக இறங்கிய பிறகும் இவள் போட்ட சட்டத்தை மீற மனசு வரவில்லை மனுஷனுக்கு. ஒளித்து வைத்துத் தினமும் மாவு கரைத்து, பொங்குகிறதா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் தோட்டத்துக்குள் கால் வைத்திருக்கிறார். முடியாமல் படுத்த பிறகு கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைக்கவில்லை.

கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

சவரி போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் கையைத் தொட்டாள். கொதித்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"நாலு நாளா இருக்கும். முத்திரை கிடைக்கிற வரைக்கும்தானே புஷ்பம். தாங்கிருவேன்னு நெனச்சேன்."

"தாங்கிருவீங்களா? இவரு தாங்கிருவாராம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. கையை மட்டும் விடவில்லை.

நூருன்னிசா வாசலில் நின்று பார்த்துவிட்டார். சட்டம் மூன்று பேருக்குமே தெரியும். காப்பிலி ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவ வண்டி வரும், வந்தால் அந்த வளாகம் முழுக்க, கொட்டகை பீப்பாய் உள்பட, காப்புத் துகளைத் தூவிவிட்டுத்தான் போகும். நூருன்னிசா மெதுவான குரலில், "அக்கா, ரோடு வரைக்கும் கைத்தாங்கலா நடத்திக் கொண்டு போயிட்டா, வண்டி உள்ள வர வேண்டியதில்ல. நான் எதையும் பாக்கல" என்றார்.

ரோடு இரண்டு கிலோமீட்டர். இறக்கம்தான், ஆனால் பாதி தூரம் கல்லும் குழியுமான வண்டித்தடம். சவரி எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். "நடப்பேன்" என்றார்.

புஷ்பம் அவர் கால்களைப் பார்த்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"ஒண்ணும் நடக்க வேணாம். படுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே போனை எடுத்து மருத்துவ வண்டியைக் கூப்பிட்டாள். இடம் கேட்டார்கள், சொன்னாள். காப்பிலியா என்று கேட்டார்கள், ஆமாம் என்றாள். வளாகத்தில் புளிப்புப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, ஏழு பீப்பாய் என்றாள்.

வண்டி மேலே ஏறி வர அரை மணி நேரம். கொட்டகைக்குப் போய், கலங்கலாக நுரைத்துக்கொண்டிருந்த சாற்றில் அரைத் தம்ளர் பிடித்து வந்தாள். சவரி பார்த்துவிட்டு, "திறப்பு விழாவா?" என்றார். காய்ச்சல் உடம்புக்கு இதெல்லாம் கூடாது, நாக்கை நனைத்துக்கொண்டால் போதும் என்று தம்ளரை அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். நனைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குது."

"அப்புறம்?"

யோசித்தார். "அப்புறம் என்னமோ இருக்கு. சொல்லத் தெரியல."

அவளும் ஒரு வாய் குடித்தாள். பத்தொன்பது வருஷம் சுவை பார்த்தவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் தூவினார்கள். பெண்கள் ஐந்து பேரும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையாக நாக்கை நீட்டிச் சொட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். சாயங்காலத்துக்குள் பீப்பாய்களில் சத்தம் நின்றுவிட்டது என்று நூருன்னிசா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னார். படிவத்தில், 'தானாகப் புளித்தது. உரிமையாளரே நிறுத்திவிட்டார்' என்று எழுதியிருப்பதாகவும், முத்திரைக்கு அது செல்லாது என்றும் சொன்னார்.

சவரி ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு நாள் கிடந்தார். அதில் ஒன்பது நாள் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. துணைக்கு இருக்க வேண்டுமென்றால் காப்பு வேண்டும் என்றார்கள். புஷ்பமும் நாக்கை நீட்டினாள்.

இப்போது வீட்டில் கயிறு இல்லை. ஒரே அடுப்படி. அடுத்த மாசம் இயந்திரங்கள் வந்து கொடிகளைப் பிடுங்கப் போகின்றன, அதுவரை இருந்துகொள்ளலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. பலகையை யாரும் மாட்டவுமில்லை, எடுத்து உள்ளே வைக்கவுமில்லை.

கிண்ணம் மட்டும் ஒன்று மிச்சம். சவரி என்று எழுதியது. தினமும் சாயங்காலம், தன் கையும் மூச்சும் படாமல் அதில் மாவைப் போட்டு அவர் முன்னால் நீட்டுவாள். எதுக்குடி இது, சொட்டுதான் ஒழுங்காப் போட்டுக்கறேனே என்பார். நீங்க சொன்னா நம்பின காலம் போச்சு, கரைங்க என்பாள். கரைத்துக் கொடுப்பார். அவள் அதைக் கொண்டுபோய்க் கணப்புச் சட்டிக்கு மேலே வைப்பாள்.

காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், போய் மூடியைத் திறந்து பார்ப்பாள். மாவு பொங்கியிருக்காது. கரைத்து வைத்தபடி கிடக்கும், மேலே தெளிந்த தண்ணீரோடு. விரலை விட்டு, நக்கிப் பார்ப்பாள். புளிப்பு துளிகூட இருக்காது.

"அப்பாடா" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துகொள்வாள்.