மூட்டை மேல் உட்கார்ந்திருந்த குழந்தை

செஞ்சி பஸ் நிலையத்தில் துணிமூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த குழந்தையைக் காணவில்லை.

1963, மாசி மாதம். மாலை மணி 4.25.

"புள்ளை எங்கே?" என்று விஜயா முதல் தடவை கேட்டது யார் காதிலும் விழவில்லை. திண்டிவனம் பஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றிருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை, அலறினாள். கையிலிருந்த செம்பு விழுந்து தண்ணீர் புழுதியில் ஓடியது.

4.50. ஏட்டு துரைக்கண்ணு சைக்கிளை டீக்கடைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் கோர்ட்டு வேலையாக விழுப்புரம் போயிருந்தார். ஆகவே அன்றைக்கு ஸ்டேஷனுக்குத் தலை இவர்தான். குட்டையான மனிதர். கேள்வியும் குட்டையாகத்தான் கேட்பார்.

"புள்ளை பேரு?"

"நீலாஞ்சனா. மூணு வயசு முடிஞ்சி நாலு மாசம்."

"எங்கே கிளம்பினீங்க?"

"அவலூர்பேட்டைக்கு. எங்க அம்மா வீடு."

"வீட்டுக்காரர்?"

"சாந்திநாதன். மல்லாட்டை விலை பேசி முடிக்க அனந்தபுரம் போயிருக்காரு."

"புள்ளையை விட்டுட்டு எங்கே போனீங்க?"

விஜயா வாயைத் திறக்குமுன் கூட்டம் முந்திக்கொண்டது. "அப்படிக் கேளுங்க ஏட்டய்யா!"

"தாகம்னு அழுதா. சத்திரத்துக் கிணத்துக்குப் போனேன்."

"இதோ பானையில தண்ணி இருக்குதே?"

"அது வடிகட்டாத தண்ணி. நாங்க ஜைனருங்க, குடிக்க மாட்டோம். மொண்டு, துணியில வடிகட்டி, துணியில தங்கினதைத் திரும்ப அதே கிணத்துல விட்டுட்டுத்தான் வரணும். ஒரு உசுரும் சாவக்கூடாது."

"கண்ணுக்குத் தெரியாத புழுவைக் காப்பாத்தப் போயி கண்ணான புள்ளையைத் தொலைச்சிட்டியேம்மா!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"நீ ஒரு நாளும் விட்டதே இல்லையா? உன் புள்ளை நேத்து தேரடியில தனியாத்தானே நின்னுச்சி?" என்றாள் இன்னொருத்தி.

"அது ஆம்பளைப் புள்ளை!"

துரைக்கண்ணு கையை உயர்த்தினார். "கூடத் தூக்கிட்டுப் போனா என்ன?"

"அந்தக் கிணத்துக்குச் சுவரே கிடையாதுங்க. ரெண்டு கையாலயும் கயிறு இழுக்கணும். புள்ளையை எங்கே இறக்கி விடறது? இங்கேதான் பத்திரம்னு..." 

மூட்டைக்கு நாலடி தள்ளி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து விற்கும் குஞ்சம்மாள் தானாகவே முன்னால் வந்தாள். "என்னைத்தான் இந்தம்மா பாத்துக்கச் சொல்லிச்சி சாமி. அஞ்சு நிமிசம்னிச்சி."

"பாத்தியா?"

"பாத்தேன். பஸ் வந்திச்சி. நாலு பேரு கேட்டாங்க, படி அளந்து போட்டேன். திரும்பினா மூட்டை மட்டும் இருக்குது."

"புள்ளை அழுதுச்சா?"

"இல்லியே. ஒரு சத்தம் இல்லை."

துரைக்கண்ணு விஜயாவின் பக்கம் திரும்பினார். "வேத்தாள் தூக்கினா அழுவாளா?"

"ஊரைக் கூட்டிடுவா. எங்க நைனா தூக்கினாலே கத்துவா. அவ அப்பா, என் நாத்தனார், நான். மூணு பேருகிட்டதான் வருவா."

"மிட்டாய் குடுத்திருப்பான்," என்றது ஒரு குரல். "ஆத்துல பாலம் கட்டறாங்கல்ல. தூணுக்குத் தலைச்சன் புள்ளை வேணுமாம். பலி குடுக்காம பாலம் நிக்காதாம்." சொன்னவன் யாரென்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு காய்ந்த சருகில் விழுந்த நெருப்பைப் போலப் பஸ் நிலையம் முழுக்கப் பரவியது.

5.15. கோட்டைக்குப் போகும் சாலையில் சாக்குமூட்டையோடு போன ஒரு வெளியூர்க்காரனைப் பிடித்துவிட்டார்கள். துரைக்கண்ணு ஓடிச் சேருமுன் அவன் தரையில் கிடந்தான். சாக்கைக் கவிழ்த்தார். நசுங்கிய இரண்டு பித்தளைக் குண்டான், ஈயக்கட்டி, துருத்தி. அவ்வளவுதான்.

"ஈயம் பூசறவன்யா இவன்! இதுல புள்ளை எங்கே இருக்குது?"

"முன்னாடியே கைமாத்தியிருப்பான்!"

அவன் வாயெல்லாம் ரத்தம். துரைக்கண்ணு பேர் கேட்டதற்கு 'பச்சைமுத்து' என்றான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் கண் சொருகிவிட்டது. அவனைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றுவதற்கு லாக்கப்பைத் தவிர வேறு இடமில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் தூக்கிப்போய் உள்ளே படுக்க வைத்தார்கள். கம்பவுண்டருக்கு ஆள் போயிற்று.

'புள்ளை கிடைக்கலேன்னா பொழுது விடியறதுக்குள்ள இவனைக் கொன்னுடுவாங்க,' என்று நினைத்துக்கொண்டார் துரைக்கண்ணு. இப்போது அவர் தேட வேண்டியது ஓர் உயிரை. காக்க வேண்டியது இன்னோர் உயிரை.

5.40. சாந்திநாதன் வீடு. குழந்தையின் போட்டோ வாங்கத் துரைக்கண்ணு போயிருந்தார். கதவைத் திறந்தவள் சாந்திநாதனின் அக்கா ஜீவரத்தினம். வெள்ளைப் புடவை, நரைத்த தலை. பதினெட்டு வயதில் புருஷனை இழந்து, தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்று ஊருக்கே தெரியும். கூடத்தில் ஆறுதல் சொல்ல வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர்.

"மணி என்னங்க ஆவுது?" என்றாள், அவர் வாயைத் திறக்குமுன்.

"அஞ்சே முக்கால் ஆவப்போவுது. போட்டோ வேணும்மா."

சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தாள். கண் மட்டும் வாசலைத் தாண்டி மேற்கே ராஜகிரி மலையின் உச்சியில் நின்ற சூரியனிடம் போயிற்று. "பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரை மணி."

"அரை மணிதானா..." என்றாள். கூடத்தில் இருந்த பெண்களைப் பார்த்தாள். "நீங்கள்லாம் போய்த் தேடுங்களேன். இங்கே உக்காந்து என்ன ஆவப்போவுது?"

"உன்னைத் தனியா விட்டுட்டா? நல்லாச் சொன்னே போ," என்றாள் ஒருத்தி.

கதவோரத்தில் ஒரு தூக்குப் பாத்திரம். மூடி இறுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் செம்பு, வாயில் வெள்ளைத் துணி கட்டியது. நெய்யும் பருப்பும் மணத்தன.

"யாருக்கும்மா சாப்பாடு?"

"எனக்குத்தான். பல்லுவலி, குழையக் கரைச்சி வச்சேன். பொழுது சாஞ்சா நாங்க வாயில எதுவும் வைக்க மாட்டோம்."

"அப்ப சாப்பிடுங்களேன்."

"தொண்டையில எறங்குமா?" என்றாள். மறுபடி மலையைப் பார்த்தாள்.

நியாயமான பதில்தான். துரைக்கண்ணு போட்டோவோடு கிளம்பினார்.

6.25. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியாயிற்று. செட்டிக்குளத்தில் நாலு பேர் முங்கி முங்கி எழுந்தார்கள். ஒவ்வொரு முறை தலை வெளியே வரும்போதும் கரையில் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். விஜயா படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"இருட்டிடுச்சே. புள்ளை பயப்படுமே," என்றாள் குஞ்சம்மாள். ஏட்டுக்குப் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தாள். கூடையை எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

வயல்வேலை முடிந்து ஒருவன் கரைமேல் போனான். கையில் காலித் தூக்கு ஆடியது. துரைக்கண்ணு அதையே பார்த்தார். ஆள் மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்தார். பிறகு சைக்கிளைக்கூட எடுக்காமல் நடந்தார்.

6.40. ஜீவரத்தினம் விளக்கேற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் விளக்கு வைக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். தூக்கு நிறைந்தபடியே இருந்தது. விஜயாவும் குஞ்சம்மாளும் ஏட்டின் பின்னால் வந்து வாசலில் நின்றார்கள்.

"அம்மா, புள்ளை எங்கே?"

"என்னைக் கேட்டா?"

"வீட்டுக்குள்ள சாப்பிடறவங்க தட்டுல போட்டுக்குவாங்க. தூக்குல போட்டு மூடறது வெளியே எடுத்துட்டுப் போறதுக்கு. பெரியவங்க குடிக்க அவ்வளவு சின்னச் செம்பு போதாது. பல்லுவலின்னீங்க. புள்ளைக்குப் பிசைஞ்ச சோறு அது."

"ஏட்டய்யா, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"ஊர்ல அத்தனை பேரும் இருட்டினா புள்ளை பயப்படுமேன்னாங்க. நீங்க அதைச் சொல்லவே இல்லை. பொழுது சாய எவ்வளவு நேரம் இருக்குதுன்னு மட்டும் கேட்டீங்க. பஸ் ஸ்டாண்டுல புள்ளை அழல. அழாம போற ஆளு மூணு பேரு. அப்பா அனந்தபுரத்துல. அம்மா கிணத்தடியில. மிச்சம் நீங்கதான். காணாமப் போன புள்ளையோட சாப்பாட்டு நேரத்தைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்கம்மா, அது எங்கே இருக்குதுன்னு தெரிஞ்சவங்களைத் தவிர."

 ஜீவரத்தினத்தின் குரல் மெல்ல வந்தது, நேராக விஜயாவிடம்.

"மூணு தரம் சொன்னேன் உனக்கு. புள்ளையை அங்கே இங்கே விடாதேன்னு. கேட்டியா? எண்ணெய் வாங்க வந்தேன். மூட்டை மேல தனியா உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்குது. ஒரு கால் மணி தவிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு தூக்கினேன். அவ்வளவுதான். திரும்பி வந்தா கூட்டம், போலீசு... அந்த ஆளை அடிச்சிட்டாங்க. ரத்தத்தைப் பாத்ததும் வாயே வரல. அதுக்கப்புறம் நான்தான்னு எப்படிச் சொல்றது?"

"எங்கே வச்சீங்க அக்கா?" என்றாள் விஜயா.

"நம்ம மல்லாட்டைக் கொடோன்லதான். ஒளிஞ்சி விளையாடலாம், சத்தம் போடாதேன்னு சொல்லி மூட்டை மேல படுக்க வச்சிப் பூட்டினேன். பயம் ஒண்ணும் இல்லை. எறும்புக்குக்கூடப் பொடி போடாத இடம் அது."

குஞ்சம்மாள் நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயையோ! நான் தெனம் அங்கேதானே மல்லாட்டை எடுக்கறேன்! பாதியை வாடகைக்கு எடுத்த விநாயகம் முந்தாநாளு எலிக்கு விஷ உருண்டை வச்சாரும்மா. வெல்லம் போட்டுப் பிசைஞ்சி. ஜைன வீட்டுக் கொடோன், தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லுவாங்க, வெளியே சொல்லாதேன்னாரு!"

மத்தியானத்திலிருந்து பசியோடிருக்கும் குழந்தை. வெல்ல உருண்டை. ஜீவரத்தினம் சாவியை எடுத்தாள்.  துரைக்கண்ணு பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

6.55. கொடோன் கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. பகலிலும் வெளிச்சம் புகாத கல் கட்டடம். டார்ச் வெளிச்சம் மூட்டை மூட்டையாகத் தாவிக் கடைசி மூலையில் நின்றது. குழந்தை கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர்க் கோடு. மூடிய கையில் ஓர் உருண்டை.

"கண்ணு, இதைத் தின்னியா?"

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. துரைக்கண்ணு உருண்டையைப் பிடுங்கி டார்ச்சின் கீழே பிடித்தார். முழுசாக இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். வெல்ல வாசனை இல்லை.

"ஏன் கண்ணு தின்னலை?"

"ராத்திரியாச்சி," என்றாள் நீலாஞ்சனா. "ராத்திரி தின்னா அத்தை வையும்."

விஜயா அவளை வாரி எடுத்துத் தன் புடவைத் தலைப்பால் அந்தக் கையைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஜீவரத்தினம் கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நான் தண்ணிக்குப் போனேன் அக்கா. அஞ்சு நிமிசம், ஒரு ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன். நீங்க இருட்டுல பூட்டிட்டுப் போனீங்க." விஜயா குரலை உயர்த்தவே இல்லை. "உங்க தம்பி வந்து கேட்டா நீங்களே சொல்லுங்க. நான் அவலூர்பேட்டையில இருப்பேன்."

7.30. ஸ்டேஷன் வாசலில் நின்ற கூட்டம் செய்தி கேட்டுத் தானாகவே கரைந்தது. போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துரைக்கண்ணு லாக்கப்பைத் திறந்தார். கம்பவுண்டர் கட்டுப் போட்டு முடித்திருந்தார். பச்சைமுத்துவுக்கு அப்போதுதான் நினைவு திரும்பியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான்.

"படுய்யா. புள்ளை கிடைச்சிடுச்சி. உன் மேல ஒண்ணும் இல்லை."

"மணி இன்னா சாமி?"

"ஏழரை."

அவன் வீங்கிய கண்ணால் ஜன்னலைப் பார்த்தான். வெளியே இருட்டு.

"என் புள்ளைங்க ரெண்டும் ஆத்தோரம் புளியமரத்தடியில உக்காந்திருக்குதுங்க சாமி," என்றான். "பெரிசுக்கு நாலு வயசு. தாயில்லாத புள்ளைங்க. தெருவுல ஈயம் பூசப் பாத்திரம் வாங்கிட்டு ஒரு நொடியில வந்துடறேன், அசையாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

துரைக்கண்ணு அரிக்கேன் விளக்கை எடுத்தார். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.