போக மாட்டேன் என்று சொன்னவர்கள்

ஆயிரத்து இருநூற்று நாற்பது டாலர். என் அக்கா மகள், நாங்கள் ‘சிரிப்பு மேடம்’ என்று கூப்பிடும் ஏஜென்ட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி அவ்வளவு. கட்டி முடிக்கும்வரை பிள்ளையின் பாஸ்போர்ட் மேடத்தின் கைப்பையில் கிடக்கும்.

எதற்கான பாக்கி என்று சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். வெளிநாட்டில் சேவை செய்துகொண்டே ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆள் பிடிப்பவள் அந்த மேடம். சேவை செய்யும் இடம், ஸ்பானிஷ் பேசும் இந்த ஊரில் நான் தரை துடைக்கும் முதியோர் இல்லம்தான். பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே கேட்டேன்.

“பெட்பேன் கழுவ எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீ காசு கட்டிட்டுக் கழுவ வந்திருக்கியா, பாப்பா?”

“மொழி கத்துக்கலாம் மாமா. சர்டிஃபிகேட்டும் தருவாங்க.”

“கிழிச்சாங்க.”

பழைய கட்டடம் அது. உயரமான கூரை, நீளமான ஒரே வார்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். மதியச் சாப்பாடு முடிந்து மாத்திரை கொடுத்ததும் மரக்கதவுகளைச் சாத்திவிடுவார்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே இருட்டு. பினாயில் வாடை, அதற்கு அடியில் மூத்திர வாடை. யாரோ ஒருவருடைய தொண்டை கரகரக்கும். மற்றபடி சத்தமே இருக்காது.

மேடத்தின் முதல் பாடம் ஒரே ஒரு வாக்கியம். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டிலருகே உட்கார்ந்து, கிழங்களின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்: “நோ மே வோய். மே கேதோ.” நான் போக மாட்டேன், இங்கேயே இருப்பேன். நாக்குக்குச் சுலபம். போட்டோவுக்கும் அழகு. ஒவ்வொரு கூட்டமும் சொல்லிவிட்டு, சேவைக் காலம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிழவி இருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அவளிடமும் சொன்னார்கள். “மஞானா?” என்று கேட்பாள். நாளைக்குமா? ஆமாம் என்பார்கள். போன கூட்டம் கிளம்பிய பிறகு அவள் சோற்றைத் தொடவில்லை. காலியான நாற்காலியை நோக்கிக் கையை நீட்டியபடியே செத்துப்போனாள். அந்தக் கையை மடக்க நர்ஸும் நானும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் காலிக் கட்டிலிடம் பேசிப் பழக வேண்டும் என்பது மேடத்தின் வழக்கம். “வாய் பழகட்டும்” என்று என் பிள்ளையை அந்த ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை விரிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். நான் பக்கத்தில் தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். காலையில் நானே சுருக்கம் இல்லாமல் இழுத்து விரித்த விரிப்பு அது.

அதில் ஒரு குழி விழுந்தது.

“மஞானா?”

“மாமா, நீங்களா கேட்டீங்க?”

நான் இல்லை.

அன்றிலிருந்து மதியமானால் பிள்ளை எங்கே இருந்தாலும் கால் அவளை அந்தக் கட்டிலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். மணிக்கட்டில் விரல் பதிந்த நீலம். ஒருநாள் அவளை அறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். திறந்தபோது நீலம் முழங்கை வரை ஏறியிருந்தது.

“அது கோவமா இருக்கு மாமா,” என்று என் காதோடு சொன்னாள். “வந்துட்டுப் போன எல்லார் மேலயும் இருக்கிற கோவம். என்னைத்தான் பிடிச்சு வச்சிருக்கு. ஊருக்கு அனுப்பிடுங்க.”

மேடத்திடம் போய் நின்றேன். சிரித்தாள்.

“பாக்கியைக் கட்டட்டும், பாஸ்போர்ட் தர்றேன். பேய்க்கெல்லாம் தள்ளுபடி கிடையாது அண்ணே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வாளியை அங்கேயே கவிழ்த்திருப்பேன். வேலை போனால் பிள்ளைக்குத் துணை யார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மதியம் மேடமே வார்டுக்கு வந்தாள். பிள்ளை நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“நடிப்பெல்லாம் போதும்மா. காலிக் கட்டில்கிட்ட என்ன பயம்? இங்க பாரு, இப்படித்தான்.” குனிந்து, வலது கையை விரிப்பின் மேல் வைத்து, போட்டோவுக்குச் சிரிக்கிற அதே சிரிப்போடு சொன்னாள். “நோ மே வோய். மே கேதோ.”

எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள். தன் வாயால் அந்தக் கட்டிலிடம் சொன்னது அன்றுதான்.

பிள்ளை துள்ளி எழுந்து என் மேல் விழுந்தாள்.

“விட்டுடுச்சு, மாமா.”

மேடத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி. அப்புறம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“கையை விடச் சொல்லுங்க அண்ணே.”

“யாரை மேடம்?”

“மஞானா?”

இந்தத் தடவை அது கெஞ்சலாகக் கேட்கவில்லை. இரும்புக் கட்டில் அதிர்ந்தது. வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த கிழங்கள் கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, மேடத்தையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“பாஸ்போர்ட்,” என்றேன்.

காலால் கைப்பையை என் பக்கம் தள்ளினாள். பிள்ளை அதிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“பாக்கி?”

“வேண்டாம்... ஒண்ணும் வேண்டாம். இழுங்க அண்ணே, வலிக்குது.”

“வாயால சொன்னா உங்க ஆபீஸ்ல எடுபடாதே மேடம். எழுதிக் குடுங்க.”

பேனாவைத் திறந்து, ஒரு தாளோடு நானே கொடுத்தேன். ‘பாக்கி இல்லை’ என்று கோணல்மாணலாக இடது கையால் எழுதினாள். வலது கை விரிப்புக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் நின்றது. அதன் சதையில் நான்கு விரல்கள் பதிந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.