வற்றக் காய்ச்சிய தண்ணீர்

அப்ராவின் நகங்களில் நாவற்பழக் கறைபோல ஒரு நிறம் இருந்தது. ஐம்பது நாள் குழந்தை எங்கே போய் நாவற்பழத்தைத் தொட்டது? தாய் றம்ஸியா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். கறை போகவில்லை.

மூதூரில், ஆற்றோரத்து வீடு. அந்தப் போகம் முழுக்க வயல்களில் எறிந்த யூரியா மழையோடு வாய்க்காலில் இறங்கி, ஆறு பச்சைப் பாசி போர்த்துக் கிடந்தது. வாய் பிளந்து மிதந்த மீன்களின் நாற்றம் யன்னல் சீலையிலும் தொட்டில் துணியிலும் பால்போத்தலிலும்கூட ஏறியிருந்தது. அவற்றைக் கொத்த ஒரு காகம்கூட வரவில்லை. குசினியில் பானை கொதிக்கும் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது.

றம்ஸியாவுக்குப் பால் சுரக்கவில்லை, பிள்ளைக்குப் பால்மாதான். ஆறு பச்சையான நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீர்மீதும் அவளுக்குப் பயம். கொத்தமல்லிக் கசாயம் அவிப்பதுபோல மூன்று பங்கை ஒரு பங்காக வற்றக் காய்ச்சித்தான் பால்மா கரைத்தாள். பிள்ளை சோர்ந்துபோனதும் இன்னும் வற்றவைத்தாள். பாவம், அவள் பாசத்துக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"இஞ்ச பாருங்களேன், புள்ளட விரலெல்லாம் நீலமாக் கிடக்கு," என்றாள் கணவனிடம்.

"குளிராக்கும். போர்த்தி வை." ஹஸ்மி யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றினான். "இதையும் எறிஞ்சாத்தான் பயிர் எழும்பும்."

அவன் வயலுக்குள் இறங்கியதும் தொலைபேசி அடித்தது. போன கிழமை கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோன மருத்துவமாது தயாளினி.

"றம்ஸியா, உங்கட கிணத்தில வயலுக்கு எறியிற யூரியாப் பசளை ஊறியிருக்கு. புள்ளைக்குக் குடுக்க வேணாம். ரத்தத்தில மூச்சு ஏற விடாது, உடம்பு நீலமாப் போகும்."

"நான் நல்லா வத்தக் காய்ச்சித்தான் மிஸ் குடுக்கிறன்."

 தயாளினி இடைமறித்தாள்.

"வத்தினாத் தண்ணிதான் போகும். பசளை போகாது. வத்த வத்தக் கூடும். புள்ளயத் தூக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

தொட்டில் ஆடவில்லை. அழுகை இல்லை. போத்தல் காலி. உதடு நீலம். நாக்கும் நீலம்.

வாரி எடுத்துக்கொண்டு வரப்புக்கு ஓடினாள். "ஓடி வாங்க! ஓடி வாங்க!"

முழங்கால் தண்ணீரில் முதுகு காட்டி நின்ற ஹஸ்மிக்குக் கேட்கவில்லை. கை நிறைய யூரியா அள்ளினான். எறிந்தான். அள்ளினான்.

அவள் கைக்குள், ஆற்று மீனைப்போல, பிள்ளையின் வாய் சத்தமின்றித் திறந்தது. மூடியது. திறந்தது.

மூடவில்லை.